படகு இல்லாத முதலாளி

தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு அவர் படகு இல்லாத முதலாளி ஆகிவிடுவார்.

புதுக்கோட்டையில் ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. மொத்தம் ஆறு பேர். விசைப்படகு வைத்திருப்பவர்களுக்காக ஒரு செயலி செய்து நடத்திக்கொண்டிருந்தோம். எந்தப் படகில் யார் யார் கடலுக்குப் போகிறார்கள், எவ்வளவு ஐஸ் ஏறியது, எப்போது கரை திரும்பினார்கள் என்று முதலாளிகள் தங்கள் போனிலேயே பதிந்துகொள்ளலாம். ஜெகதாப்பட்டினம் துறைமுகத்தில் பாதிப் பேர் எங்கள் செயலிக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் யாருக்கும் தெரியாத சங்கதி, அத்தனை பேருடைய விவரமும் ஒரே டேட்டாபேஸில், ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்து வரிகளாகக் கிடந்தது என்பது. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் இது இன்ன முதலாளியுடையது என்று ஒரு எண் இருக்கும். வேலி என்று இருந்தது அந்த எண் மட்டும்தான்.

அந்த வேலி, எங்களோடு வேலை பார்த்த அந்தப் பெண்ணின் பொறுப்பு. அதற்காகத்தான் சொந்தமாகப் படகோ ஆளோ ஐஸோ எதுவும் இல்லாத ஒரு பொய் முதலாளியைச் செயலிக்குள் உருவாக்கி வைத்திருந்தார். வேலை முடியும் நேரத்தில் அந்த முதலாளியாக உள்ளே நுழைந்து ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்ப்பார். எல்லாப் பக்கத்திலும் 'பதிவுகள் எதுவும் இல்லை' என்று வரவேண்டும். வந்தால் தலையை லேசாக ஆட்டிக்கொள்வார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியது போல ஒரு திருப்தி முகத்தில் தெரியும். ஒன்றுமே இல்லாததைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட இன்னொரு மனுஷியை நான் பார்த்ததில்லை.

"ஒண்ணுமில்லாதவருக்கு ஒரு வரி தெரிஞ்சாலும் அது அடுத்தவங்க வரிங்க" என்பார்.

நாங்கள் கேலி செய்வோம். "என்ன முதலாளி, இன்னைக்கு மீன்பாடு எப்படி?" என்று நான் கேட்பேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒண்ணும் சிக்கலைங்க, நல்ல நாள்" என்பார்.

எனக்கும் அவருக்கும் ஒரே வயது. சேர்ந்ததும் ஏறக்குறைய ஒன்றாகத்தான். நான் கீரனூர். எங்கள் வீட்டில் ஒரு சங்கதி அடுப்படியில் பிறந்தால் வாசலுக்கு வருவதற்குள் பஸ் ஏறித் திருச்சிக்குப் போய்விடும். எனக்கும் அதே வாய். கேட்டதை யாரிடமாவது சொல்லாவிட்டால் சோறு செரிக்காது. அவர் எனக்கு நேர் எதிர். இலுப்பூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுவார் என்பதைத் தவிர அவருடைய ஊர்கூட எங்களுக்குத் தெரியாது. கொடும்பாளூர் பக்கம் என்று ஒருவர் சொன்னார். அதுவும் அனுமானம்தான்.

ஆனால் எங்கள் எல்லோரைப் பற்றியும் அவருக்குத் தெரியும். ஏனென்றால் நாங்களே போய்ச் சொல்வோம். மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கைகழுவப் போகும் இடத்தில், மாடிப்படியில், பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் வழியில் என்று அவர் தனியாக மாட்டும்போது ஒவ்வொருவரும் கொட்டிவிடுவோம். அவர் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். ஆபீஸில் இரண்டு பேர் ஒரு வருஷமாகக் காதலித்து, இரண்டு பேரும் தனித்தனியாக அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சண்டை போட்டுக்கொண்டு முகம் பார்க்காமல் இருந்த நாட்களில் இரண்டு பக்கத்து அழுகையும் அவரிடம்தான் வந்தது. ஒரு பக்கத்து அழுகை மறுபக்கத்துக்கு அவர் வழியாகப் போகவில்லை. கல்யாணப் பத்திரிகை மேசைக்கு வந்தபோது எல்லோரும் வாயைப் பிளந்தோம். அவர் மட்டும் மஞ்சள் தடவிய ஓரத்தை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று சொல்கிறேன். எங்கள் எம்.டி. கொஞ்ச நாள் தினமும் மூன்று மணிக்கே கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் அதை வைத்து என்னென்னமோ பேசிச் சிரித்தோம். எங்கள் படகு இல்லாத முதலாளி மட்டும் சிரிக்கவில்லை, எங்களைத் தடுக்கவும் இல்லை. எம்.டி.யின் மனைவி ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பதும், ரத்தம் கொடுத்தவர் இவர்தான் என்பதும் வெகு நாள் கழித்து அந்த அம்மாவே சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. ஒரு வார்த்தை எங்களிடம் சொல்லியிருந்தால் என்ன?

வேலையிலும் அதே குணம். முதலில் நாங்கள் எழுதிய முறை வேறு. டேட்டாபேஸிடம் எதைக் கேட்டாலும் 'இந்த முதலாளியுடையது மட்டும்' என்று நாங்களே ஒவ்வொரு இடத்திலும் சேர்த்து எழுத வேண்டும். ஓர் இடத்தில் மறந்தாலும் எல்லோருடைய வரியும் கொட்டிவிடும். அவர் அதை மாற்றினார். யாருக்காகக் கேட்கிறோம் என்று முதலில் சொல்லாவிட்டால் டேட்டாபேஸே கையை விரித்துவிடும்படி உள்ளேயே காவல் வைத்தார். எங்களுக்கு இருமடங்கு வேலை. முணுமுணுத்தோம்.

"நெனப்பை நம்பி வேலி கட்டக் கூடாதுங்க. நமக்குக் காய்ச்சல் வரும், வீட்டுல சண்டை வரும், கல்யாணத்துக்குப் போவோம். அன்னைக்கும் அது காக்கணும்ல?"

ஒருமுறை ஒரு முதலாளி ஜெகதாப்பட்டினத்திலிருந்து மாடியேறி வந்தார். கையில் ஐஸ் போட்ட ஒரு பெட்டி இறால். வியர்வையைத் துடைத்துக்கொண்டு நேரே அவர் மேசைக்குப் போய், "தங்கச்சி, ஒண்ணுமில்ல. எனக்கு அடுத்து நிறுத்துற படகுல யாரு யாரு போறாங்கன்னு மட்டும் பாத்துச் சொல்லு. என் ஆளு ரெண்டு பேரு அங்கிட்டுத் தாவிட்டாங்களோன்னு சந்தேகம்" என்றார்.

"அது அவங்க பட்டியல்ங்க."

"நான் யாருகிட்டயும் சொல்லப்போறதில்ல."

"நாளைக்கு அவரு வந்து ஒங்க பட்டியலைக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். அதுக்குத்தானே எங்ககிட்டக் குடுத்திருக்கீங்க. இறாலை வெயிலுக்கு முந்தி எடுத்துட்டுப் போங்க, கெட்டுரும்."

வந்தவர் முறைத்துவிட்டு இறங்கிப் போனார். அடுத்த வாரம் தம்பியின் படகையும் செயலியில் சேர்த்தார். நாங்கள் அந்த இறாலை நினைத்து ஒரு மாதம் துக்கம் கொண்டாடினோம்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பிடித்திருந்தது. அவரிடம் என்னைப் பற்றி ஏதாவது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். காலேஜில் எனக்கு இன்னும் இரண்டு பேப்பர் அரியர் இருந்தது. ஆபீஸில் நான் பட்டம் வாங்கியவன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது சொன்னேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "என்னென்ன பேப்பருங்க?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுத்தால் ஒழிய அவர் எடுத்ததில்லை. பதிலுக்கு அவர் தன்னைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பஸ் வந்துவிட்டது.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

படகுகள் கிளம்பும் காலை நேரத்தில் எல்லா முதலாளிகளும் ஒரே சமயத்தில் ஆள் பட்டியலைப் பதிவார்கள். செயலி மெதுவாகிறது என்று புகார் வந்துகொண்டே இருந்தது. அவர் நான்கு நாள் விடுப்பில் போயிருந்தார். நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட நினைத்தேன். ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸுக்குப் புதிதாக இணைப்பு போடாமல், கொஞ்சம் இணைப்புகளைத் திறந்தே வைத்து, ஒருவர் முடித்ததும் அடுத்தவருக்கு அதையே கொடுப்பது என்று மாற்றினேன். அது தப்பில்லை. எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் 'யாருக்காக' என்று சொல்வதற்கும் நேரம் ஆகிறதே என்று, இணைப்பில் ஏற்கெனவே ஒரு முதலாளியின் எண் இருந்தால் மறுபடி சொல்ல வேண்டாம் என்று ஒரு வரி எழுதினேன். வேலை முடிந்ததும்தான் அந்த எண்ணை அழித்துவிடுகிறோமே என்ற தைரியம். துறைமுகத்தில் போனில் சிக்னல் பாதியில் அறுந்துவிடும். அறுந்தால் வேலை முடியாது. முடியாவிட்டால் எண் அழியாது. முன்னால் இருந்தவருடைய எண்ணோடு அந்த இணைப்பு அடுத்தவர் கைக்குப் போகும். இது எனக்குத் தோன்றவே இல்லை.

படகு இல்லாத முதலாளியாக நானும் உள்ளே போய்ப் பார்த்தேன். எல்லாம் 'பதிவுகள் எதுவும் இல்லை' என்றுதான் வந்தது. ஆபீஸில் நான் ஒருத்தன் மட்டும் பார்த்தால் வேறு எப்படி வரும்?

இரண்டாம் நாள், எல்லை தாண்டியதாக ஒரு படகை அக்கரைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று கரைக்குச் செய்தி வந்தது. அந்த ஊருக்கு இது புதிதில்லை. படகின் முதலாளி வெளியூரில் இருந்தார். அவருடைய படகைப் பார்த்துக்கொள்ள அந்த வாரம்தான் வந்து சேர்ந்த ஒருவர், ஏலக்கூடத்தில் கூடியிருந்த பெண்களுக்கு முன்னால் போனைத் திறந்து 'இன்று கடலில்' என்ற பக்கத்திலிருந்து ஐந்து பெயர்களை வாசித்தார். மேலே அவருடைய முதலாளியின் பெயர் சரியாகத்தான் இருந்தது. கீழே இருந்த ஐந்து பேரும் வேறொரு முதலாளியின் ஆட்கள்.

பெயர் வந்த வீடுகளில் ஒப்பாரி எழுந்தது. தங்கள் ஆளின் பெயர் வராத பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். சாயங்காலம் மற்றப் படகுகள் திரும்பின. யாருக்காக அழுதார்களோ அந்த ஐந்து பேரும் கரையில் இறங்கி நடந்து வந்தார்கள். அதன் பிறகுதான் வேறு ஐந்து வீட்டுக்காரர்கள் தங்கள் ஆளைத் தேட ஆரம்பித்தார்கள்.

மறுநாள் அவர் விடுப்பை முறித்துக்கொண்டு வந்தார். ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்து, சரி செய்து, எப்படி நடந்தது என்று எம்.டி.யிடம் விளக்கினார். எந்த வரியை யார் மாற்றியது என்பதும் பெயரோடு பதிவாகியிருக்கும். அதை அவர் பார்த்திருக்கிறார். எம்.டி.க்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாது.

"யாரு பண்ணுனது?" என்று கேட்டார் எம்.டி.

"என்ன நடந்ததுன்னு சொல்லிட்டேன் சார். யாருங்கறதை அவங்கதான் சொல்லணும்."

ஆறு பேரும் இருந்தோம். அவர் யார் பக்கமும் திரும்பவில்லை. நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பரப்புகிற என் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. வேலை போய்விடும், அரியர் வெளியே வரும், வீட்டில் தெரியும் என்று மனது ஓடியது. எம்.டி. அவர் மேசைப் பக்கம் திரும்பி, "டேட்டாபேஸ் ஒங்க பொறுப்புதானம்மா" என்றார். அவர், "ஆமா சார்" என்றார். அது உண்மையும்கூட. அவர் பொய் சொல்லவில்லை.

பத்து மணிக்குப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படிக்கு வந்தார். நான் அங்கே நின்றிருந்தேன்.

"ஜெகதாப்பட்டினம் போறேன்" என்றார்.

'வாரீங்களா' என்று கேட்கவில்லை. ஆனால் உடனே இறங்கவும் இல்லை. ஒரு படியில் காலை வைத்தபடி நின்றார். எனக்கு அது புரிந்தது. புரிந்துகொண்டுதான் சொன்னேன்:

"பாத்துப் போங்க."

"சரிங்க" என்று இறங்கிவிட்டார். இத்தனை வருஷத்தில் என் காதுக்குள் நான் அதிகத் தடவை கேட்ட வார்த்தை அந்த 'சரிங்க'தான். வண்டி ஓட்டும்போது, குளிக்கும்போது, மனைவி ஏதோ கேட்டு நான் பதில் சொல்லாமல் நிற்கும்போது.

அந்தப் பழியோடு வேலையை விட்டுப் போவதற்கு முன் இன்னும் ஒரு மாதம் அவர் இருந்தார். என்னிடம் முன்பு போலவேதான் பேசினார். அது தண்டனையாக இருந்தது. தினமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், நாலரை மணி ஆகிவிடும். கடைசி நாளில் சாவி, பாஸ்வேர்டு எல்லாம் ஒப்படைத்துவிட்டு, என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "அந்த ரெண்டு பேப்பரையும் எழுதிருங்க" என்றார். எழுதினேன். தேறினேன். அவரிடம் சொல்லலாம் என்றால் நம்பர் மாறியிருந்தது.

பின்னால் நான் திருச்சிக்கு வேலை மாறிவிட்டேன். பழைய ஆபீஸ்காரர்கள் ஒரு கல்யாணத்தில் சந்தித்தோம். பந்தியில் அவர் பேச்சு வந்தது. அவருக்கு ஒரு தம்பி உண்டு, காது கேட்காது என்றார் ஒருவர். எனக்குத் தெரியாது. நாய் என்றால் பயம், அதனால் ரோட்டைத் தாண்டிச் சுற்றிப் போவார் என்றார் இன்னொருவர். தனியாக இருக்கும்போது நன்றாகப் பாடுவார் என்றது, காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட அந்தப் பெண். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஏதோ கொஞ்சம் கொடுத்திருக்கிறார். எனக்கு என்ன கொடுத்தார் என்று இலைக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். நான் வாயைத் திறக்க ஒரு மாதம் கொடுத்தார்; பேசாமலே அதைக் கழித்தேன். எங்களிடம் இருந்ததையெல்லாம் சேர்த்துப் பார்த்தும் ஒரு முழு ஆள் கிடைக்கவில்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியவில்லை.

மறுநாளே எம்.டி.க்கு போன் செய்து, அன்றைக்கு அதைச் செய்தது நான்தான் என்று சொன்னேன். "அந்தப் புள்ளைய நெனச்சாத்தான்" என்று ஆரம்பித்து முடிக்காமல் வைத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டை, அறந்தாங்கி என்று பஸ் மாறி ஜெகதாப்பட்டினம் போனேன்.

பிடிபட்ட ஐந்து பேரில் ஒருவருடைய வீட்டை ஐஸ் பிளான்டில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். ஆட்கள் சில மாதத்தில் திரும்பிவிட்டார்கள், படகு திரும்பவில்லை என்று அங்கே சொன்னார்கள். அந்த வீட்டுக்காரர் இப்போது கடலுக்குப் போவதில்லை, அதே ஐஸ் பிளான்டில் வேலை. வீட்டில் அவருடைய மனைவி மட்டும் இருந்தார். நாற்பது வயது இருக்கும். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன்.

"அக்கா, அன்னைக்குப் பேரு மாறி வந்துச்சுல்ல. அதைப் பண்ணுனது நான்தான்."

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு சட்டை, ஒரு துண்டு, இன்னொரு சட்டை.

"வாசிச்ச பேருல இவரு பேரு இல்லன்னதும் வீட்டுக்கு வந்து வயிறு நெறையத் தின்னேன் தம்பி. மீன் கொழம்பு. ரெண்டாந்தரம் போட்டுத் தின்னேன். அந்நேரம் அவரு அங்கிட்டு என்ன பாடுபட்டாரோ. அவரு வந்துட்டாரு, எல்லாம் ஆச்சு. அந்தச் சோறுதான் இன்னும் எனக்குச் செரிக்கல."

அவரே உட்காரச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு மறுநாள் வந்து இங்கிட்டுத்தான் ஒக்காந்துச்சு. அஞ்சு வீட்டுக்கும் போச்சு, அழுத அஞ்சு வீட்டுக்கும் போச்சு. எல்லாரும் வாய்க்கு வந்தபடி வஞ்சோம். யாரு செஞ்சதுன்னு சொல்லுன்னு நான் கையப் புடிச்சு உலுக்கினேன். 'சொல்ல வேண்டியவங்க வந்து சொல்லுவாங்கக்கா'ன்னுச்சு. நீ வருவேன்னு நம்புச்சு போல."

"அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமாக்கா?"

"பேசும். மாசம் ஒருக்கா பேசும்."

நம்பர் கேட்டேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்பது போல இருந்தது. அவர் மடித்த துணியை நகர்த்திவிட்டு, "அதுகிட்டக் கேட்டுத்தான் தருவேன்" என்று டீயை ஊற்றி என் முன்னால் வைத்தார். போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார்.

"வந்திருக்காரு... ஆமா, அவருதான்... சொல்லிட்டாரு" என்பது கேட்டது. அப்புறம் எதிர்ப்பக்கத்துக் குரல். வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. குரல் பிடிபட்டது. அதே நிதானம், கொஞ்சமும் மாறவில்லை. நான் எழுந்து கதவு வரை போனேன். அங்கேயே நின்றுகொண்டேன். அந்த அக்கா வெகு நேரம் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை சிரித்தார், அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

உள்ளே வந்ததும் போனை அலமாரிமேல் வைத்துவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்தார். நம்பர் இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

"என்ன சொன்னாங்கக்கா?"

"அது என்கிட்டப் பேசுனது தம்பி" என்றார். "நீ டீயைக் குடி."

குடித்தேன். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கிளம்புகிறேன் என்று சொல்லாமல், அலமாரிமேல் அந்த போன் மறுபடி அடிக்குமா என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.